லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள்

போடி கடைவீதியில் ஃப்ரிட்ஜ் வாங்க வருகிறவர்கள் கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: “எத்தனை ஸ்டாருண்ணே?” மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம், கரன்ட் பில்லில் அது எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று மனக்கணக்குப் போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். ஏலக்காயை நிறுத்து நிறுத்தே வளர்ந்த ஊர், கணக்கில் லேசில் ஏமாறாது. அதே குடும்பம் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து லேப்டாப் வாங்க வரும்போது கேள்விகள் மாறிவிடுகின்றன. ரேம் எவ்வளவு, எந்த ஜெனரேஷன், பை கூடவே வருமா, இ.எம்.ஐ. உண்டா? ஸ்டாரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டாலும் கடைக்காரர் காட்டுவதற்கு அங்கே ஸ்டார் ஒட்டியிருக்காது.

வேறு என்னென்னவோ இருக்கும். எந்த லேப்டாப்பையும் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு கூட்டமே நிற்கும். ‘ஐ.எஸ். 13252’ என்ற எண்ணும் அதனருகே ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு கொடுத்தவை. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கான பாதுகாப்புச் சான்று அது. சுற்றுச்சூழலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் ‘சி.இ.’ என்றிருப்பது ஐரோப்பாவில் விற்பதற்கான குறி. சில கருவிகளில், குறிப்பாக சார்ஜர்களில், ஆரஞ்சு வட்டத்துக்குள் 10 அல்லது 20 என்று ஓர் எண் இருக்கும். வாரன்டி வருடம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. உள்ளே ஈயம், பாதரசம் போன்ற நச்சுப் பொருள் வரம்புக்கு மேல் இருக்கிறது, முறையாகப் பயன்படுத்தினால் இத்தனை வருடத்துக்கு அது வெளியே கசியாது என்று சீனச் சட்டப்படி போடப்படும் எண் அது. கடைசியில், சக்கரம் வைத்த ஒரு குப்பைத் தொட்டி, அதன் மேல் பெருக்கல் குறி. அந்தத் தொட்டிக்குப் பிறகு வருவோம்.

இத்தனை முத்திரைகளில் எதை யார் சோதித்தார்கள், எது கம்பெனி தானே எழுதிக்கொண்டது என்பதை மட்டும் அந்த அடிப்பக்கம் சொல்வதில்லை.

பெட்ரோலில் ஓடிய அலாரம் கடிகாரம்

சுற்றுச்சூழல் முத்திரை என்ற ஏற்பாட்டை முதலில் தொடங்கியது ஜெர்மனி. 1978இல் வந்த ‘ப்ளூ ஏஞ்சல்’தான் உலகின் முதல் முத்திரை. கம்ப்யூட்டர் உலகத்துக்குள் இது பெரிய அளவில் நுழைந்தது 1992இல். அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரையை அறிமுகப்படுத்தியது. ஃப்ரிட்ஜ், ஏ.சி.யெல்லாம் பிறகுதான் வந்தன. முதலில் அந்த முத்திரை ஒட்டப்பட்டது கம்ப்யூட்டரிலும் மானிட்டரிலும்தான். நிபந்தனை எளிமையானது: யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போது இயந்திரம் தானாகத் தூங்கப் போக வேண்டும், தூக்கத்தில் 30 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. திரையில் மீன் நீந்துவதும் குழாய் வளர்வதும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று அலுவலகங்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்க்ரீன் சேவர் கண்ணாடியைத்தான் காப்பாற்றியது, கரன்ட் பில்லை இல்லை.

அடுத்த வருடமே, 1993 ஏப்ரலில், அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் வாங்கும் கம்ப்யூட்டர்கள் எனர்ஜி ஸ்டார் பெற்றவையாக இருக்க வேண்டும் என்று அதிபர் கிளின்டன் உத்தரவு போட்டார். உலகத்திலேயே அதிகம் கம்ப்யூட்டர் வாங்குகிற கை அது. கம்பெனிகள் வரிசையில் வந்து நின்றன. சூழல் மீது பாசம் பொங்கி யாரும் தூக்க நிலையைக் கண்டுபிடிக்கவில்லை, டெண்டரில் கேட்டார்கள், செய்தார்கள்.

ஆனால் முத்திரை தருகிற இடத்தில் சோதனை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே எனர்ஜி ஸ்டார்தான் காட்டிக்கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் ஒரு வேலை செய்தது. நான்கு போலி கம்பெனிகளை உருவாக்கி, இல்லாத 20 பொருள்களுக்கு முத்திரை கேட்டு விண்ணப்பித்தது. 15 பொருள்களுக்குக் கிடைத்துவிட்டது! அவற்றில் ஒன்று பெட்ரோலில் ஓடும் அலாரம் கடிகாரம், அளவில் ஒரு சிறிய ஜெனரேட்டர் மாதிரி. இன்னொன்று, காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி என்ற பெயரில், அறையைச் சூடாக்கும் ஹீட்டரின் மேல் தூசி தட்டும் இறகைச் செருகி எடுத்த படம். 2010 மார்ச்சில் அறிக்கை வெளியானபோது முகமைக்கு முகம் வைக்க இடமில்லை. 2011 தொடக்கத்திலிருந்து வெளியாள் பரிசோதனைக்கூடத்தில் சோதித்து, வெளி அமைப்பு சான்றளித்தால்தான் முத்திரை என்று விதி மாறியது. அதுவரை பதினெட்டு வருடம் பெரும்பாலும் கம்பெனிகளின் வாய்வார்த்தையே போதுமானதாக இருந்திருக்கிறது.

வேறு வழியில் வந்த முத்திரை ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு, பெட்டி மாதிரியான மானிட்டரின் மூலையில் ‘டி.சி.ஓ. 99’ என்று ஒட்டியிருந்தது நினைவிருக்கலாம். அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து போட்ட முத்திரை என்றுதான் நாம் நினைத்தோம். உண்மையில் டி.சி.ஓ. என்பது ஸ்வீடன் நாட்டு அலுவலக ஊழியர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. திரையிலிருந்து வரும் மின்காந்தப் புலம் உடம்புக்கு ஆகாதோ என்ற பயம் எண்பதுகளில் டைப்பிஸ்ட்டுகளிடையே பரவியது. சங்கம் அதைக் கையில் எடுத்து, அளந்து, வரம்பு வைத்து, 1992இல் மானிட்டருக்கு முத்திரை கொடுத்தது. 1995இல் கம்ப்யூட்டர் முழுவதற்கும் விரிந்தது. இன்று அதே முத்திரை, பேட்டரியை மாற்ற முடியுமா, தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் நிலை என்ன என்பது வரைக்கும் கேட்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் தொடங்கியதாலோ என்னவோ, கேள்விகள் கூர்மையாகவே இருக்கின்றன.

மண்பானை எங்கே போனது?

இந்தியாவும் பின்தங்கி நிற்கவில்லை, தேதியைப் பார்த்தால் முந்திக்கூட நின்றது. எனர்ஜி ஸ்டாருக்கு ஒரு வருடம் முன்னால், 1991இல், மத்திய அரசு ‘ஈகோமார்க்’ திட்டத்தை அறிவித்தது. சின்னம் மண்பானை. மண்ணில் செய்து மண்ணுக்கே போகும் பாத்திரம், அழகான தேர்வு. சோப்பு, காகிதம், பெயின்ட், தோல், துணி என்று 16 வகைப் பொருள்கள். மின்சார, மின்னணுச் சாதனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் கடையில் ஒரு ரேடியோவிலோ கம்ப்யூட்டரிலோ அந்தப் பானையைப் பார்த்தவர்களைத் தேடத்தான் வேண்டும். கட்டாயம் இல்லை, கேட்பவர் இல்லை, வாங்கினால் கம்பெனிக்கு லாபம் இல்லை. அரசாங்கமே தன் அலுவலகங்களுக்கு வாங்கும்போது அதை ஒரு நிபந்தனையாக வைத்து நெருக்கவில்லை. பானை அலமாரியிலேயே இருந்துவிட்டது. 2024 செப்டம்பரில் புதிய ஈகோமார்க் விதிகளை அறிவித்து அதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். இம்முறையும் விருப்பம் இருந்தால் வாங்கலாம் என்பதுதான் ஏற்பாடு.

பலித்தது ஸ்டார்தான். எரிசக்தித் திறன் பணியகம் 2002 மார்ச்சில் தொடங்கி, 2006இல் ஸ்டார் முத்திரையைக் கொண்டுவந்தது. 2010 முதல் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், ஏ.சி., ட்யூப் லைட் ஆகியவற்றுக்குக் கட்டாயமானது. 2023இல் மின்விசிறிக்கும் வந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை அளவுகோலை இறுக்குவதும் உண்டு, பழைய ஐந்து ஸ்டார் புதிய கணக்கில் மூன்றாக இறங்கிவிடும். இந்த இறுக்கம்தான் திட்டத்தின் உயிர். லேப்டாப்பும் பிரிண்டரும் இன்னும் கட்டாயப் பட்டியலுக்கு வரவில்லை, விருப்பப் பட்டியலில்தான் இருக்கின்றன. நம் கடைகளில் அந்த முத்திரை கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

சரி, கட்டாயமாக்கிவிட்டால் போதுமா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு சாதாரண லேப்டாப் தாராளமாக 30 வாட் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதம். மொத்தம் 11 யூனிட்டுகூட வராது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லேப்டாப்பில் ஐந்து ஸ்டார் ஒட்டினால் போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் ஒரு வீட்டுக்கு மிச்சமாவது டீக்காசுகூட இல்லை. பழைய மின்விசிறி ஒன்றே 75 வாட் இழுக்கும். ஃப்ரிட்ஜ் ராத்திரி பகல் ஓடும், அதன் கேடெல்லாம் ஓடும்போதுதான். அதற்கு ஸ்டார் பொருத்தமான அளவுகோல்.

லேப்டாப் அப்படியில்லை. சுரங்கத்திலிருந்து தாது எடுத்து, சிப் செய்து, திரை செய்து, பேட்டரி அடைத்துக் கடைக்கு வரும் வரை ஆகும் செலவுதான் அதன் பெரிய செலவு. கம்பெனிகள் தாங்களே வெளியிடும் கார்பன் கணக்குகளில், ஒரு லேப்டாப்பின் வாழ்நாள் மொத்தத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. நம்முடையது பெருமளவு நிலக்கரி மின்சாரம் என்பதால் இங்கே பயன்பாட்டின் பங்கு அந்தக் கணக்கைவிடக் கூடும். இருந்தாலும் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பெரும் சேதம் நடந்து முடிந்திருக்கிறது என்பது மாறாது. ஆகவே ஒரு லேப்டாப் சூழலுக்கு நல்லதா என்றால், அது எத்தனை வாட் என்பதைவிட எத்தனை வருடம் உழைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான்கு வருடத்தில் தூக்கிப்போடுவதை எட்டு வருடம் ஓட்டினால், தயாரிப்புச் சேதம் வருடக்கணக்கில் பாதியாகிறது. அந்த எட்டு வருடத்தைப் பற்றி அடிப்பக்க முத்திரைகளில் ஒன்றும் பேசுவதில்லை.

சல்லடையில் நிற்பதும் நிற்காததும்

தரம் பிரிப்பது என்றால் என்ன என்று போடிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலமையம் இங்கே இருக்கிறது. 2007 முதல் ஏலமே கம்ப்யூட்டரில்தான். சாம்பிள் காயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வியாபாரிகள் திரையைப் பார்த்து விலை கேட்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, கீழே விழுவதற்கு ஒரு விலை. பச்சை நிறம் எப்படி, ஒரு லிட்டர் அளந்தால் எத்தனை கிராம் நிற்கிறது, வெடித்த காய் எவ்வளவு என்பதெல்லாம் கண்ணாலும் கையாலும் நொடியில் முடிந்துவிடும். நிறத்துக்காகச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று வாரியம் எச்சரிக்க வேண்டிவந்ததும் இதே தொழிலில்தான். சில வருடங்களுக்கு முன் சவுதி அரேபியா பூச்சிமருந்து எச்சத்தைக் காட்டி இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பியபோது, எட்டு மில்லிமீட்டர் காயும் சேர்ந்தே நின்றது. சல்லடைக்கு விஷம் தெரியாது.

கம்ப்யூட்டர் முத்திரைகளும் இந்தச் சல்லடை மாதிரிதான் வேலை செய்கின்றன. எளிதில் அளக்கக்கூடியது வாட், அதனால் முதலில் வாட்டை அளந்தார்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைக்கூடம் வேண்டும். ஐரோப்பா அதற்குச் சட்டமே போட்டது. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், தீ பரவாமல் தடுக்கப் பிளாஸ்டிக்கில் கலக்கும் இரண்டு வகை ப்ரோமின் சேர்மங்கள் ஆகியவை 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காட்மியம் 0.01 சதவீதம். இந்தியா 2011இல் மின்கழிவு விதிகளை எழுதி 2012 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதே நச்சு வரம்பு 2014 மே முதல் இங்கும் பொருந்தும். கம்பெனி ‘நாங்கள் வரம்புக்குள் இருக்கிறோம்’ என்று எழுதிக்கொடுக்கும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கலாம் என்பது ஏற்பாடு.

இந்தத் தேதிகளைத் தமிழ்நாட்டின் இன்னொரு தேதியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2006இல் தொடங்கி 2011 வரை தி.மு.க. அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் வரைக்கும் வீட்டுக்கு வீடு வந்து இறங்கியது. எல்லாம் படக்குழாய் டி.வி. அதன் கண்ணாடியில் ஈயம் சில நூறு கிராமிலிருந்து கிலோக் கணக்கு வரை இருக்கும். கடைசி டி.வி. கொடுத்து முடித்த பிறகுதான் நாட்டின் முதல் மின்கழிவு விதி நடைமுறைக்கே வந்தது. முன்னாடியே வந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது. படக்குழாய்க் கண்ணாடியில் உள்ள ஈயத்துக்கு ஐரோப்பியச் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. தவிர்க்க முடியாது என்று விட்டுவைத்தார்கள். அந்த டி.வி.க்களில் பெரும்பாலானவை இன்று எந்த வீட்டிலும் இல்லை. எங்கே போயின?

சக்கரத் தொட்டியும் ஸ்பீக்கர் வண்டியும்

இப்போது அந்தக் குப்பைத் தொட்டி. பெருக்கல் குறி போட்ட சக்கரத் தொட்டி, ஐரோப்பிய மின்கழிவுச் சட்டத்தின் குறி. ‘இதை வீட்டுக் குப்பையோடு போடாதே, தனியாகக் கொடு’ என்று பொருள். தொட்டிக்குக் கீழே தடித்த கோடு ஒன்று இருந்தால், 2005 ஆகஸ்ட் 13க்குப் பிறகு விற்பனைக்கு வந்தது என்று அர்த்தம். இந்திய விதிகளும் அதே படத்தை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஐரோப்பியக் குடும்பம் பழைய போனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடும் என்பது அவர்களுடைய கவலை. நம் ஊரில் உடைந்த மிக்ஸியைக்கூட யார் குப்பையில் போடுகிறார்கள்? ஒரு காலத்தில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இன்று ஸ்பீக்கர் கட்டிய வண்டி தெருத்தெருவாக வருகிறது. பழைய டி.வி., கம்ப்யூட்டர், பேட்டரி, ஒயர் எல்லாம் எடுக்கப்படும் என்று முன்பே பதிவுசெய்த குரல் கூப்பிடுகிறது. பிளாஸ்டிக் குடமோ ரொக்கமோ கைக்கு வருகிறது. தனியாகச் சேகரிப்பது என்ற ஐரோப்பியக் கனவை இங்கே வண்டிக்காரர் முத்திரையைப் பார்க்காமலேயே நிறைவேற்றிவிடுகிறார். சிக்கல் அடுத்த படியில்தான் தொடங்குகிறது. வண்டியிலிருந்து காயலான் கடை, அங்கிருந்து பெரிய வியாபாரி, அங்கிருந்து எங்கோ ஒரு கொட்டகை. ஒயரை எரித்துத் தாமிரம் எடுப்பது, போர்டை அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுப்பது, மதிப்பில்லாத படக்குழாயை உடைத்து ஓடைக்கரையில் கொட்டுவது. இந்த வேலையெல்லாம் உரிமம் இல்லாத இடத்தில், கையுறை இல்லாத கைகளால் நடக்கிறது. நமக்குத் தேவையான குறி, தொட்டியின் மேல் பெருக்கல் குறி இல்லை. இந்தப் பொருளை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர் என்ன விலைக்கு எடுப்பார், அவருக்கு எந்த எண்ணில் பேச வேண்டும் என்ற ஒரு வரி போதும். வண்டிக்காரர் கொடுப்பதைவிட அந்த விலை கூடுதலாக இருந்தால் மீதியை மக்களே பார்த்துக்கொள்வார்கள்.

விலை எங்கிருந்து வரும்? 2022இல் திருத்தி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. விற்ற கம்பெனியே மறுசுழற்சிக்குப் பொறுப்பு. அது மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் இரண்டு வருடத்துக்கு இலக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டுக்கு 70, அதன்பின் 80. சான்றிதழைக் கம்பெனிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டதால், வீட்டு மின்னணுச் சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அரசு விலை நிர்ணயித்தது. சாம்சங், எல்.ஜி., டைகின் போன்ற பெரிய கம்பெனிகள் இதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. விளம்பரத்தில் இலையும் கொடியும் வரைபவர்கள்தான் 22 ரூபாய்க்காக வாதாடப் போனார்கள். உலகம் முழுக்க 2022இல் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை.

இலையும் கொடியும் பற்றி ஒரு வார்த்தை. ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, ‘க்ரீன்’ என்று ஆதாரமில்லாமல் எழுதக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் ஆதாரம் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவர் கேட்கும் கேள்வி

2012 ஜூலையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ‘ஈபீட்’ என்று ஒரு முத்திரை 2006 முதல் இருக்கிறது. கம்ப்யூட்டர்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கும். எளிதில் கழற்றிப் பிரிக்க முடிகிறதா என்பதும் அதன் கேள்விகளில் ஒன்று. அந்தச் சமயத்தில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிய புதிய மேக்புக்கைக் கொண்டுவந்திருந்த ஆப்பிள் நிறுவனம், தன்னுடைய 39 பொருள்களையும் ஈபீட் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஆப்பிளுக்கு முத்திரை எதற்கு என்ற தோரணை. ஆனால் அமெரிக்க அரசு அலுவலகங்கள் வாங்கும் கம்ப்யூட்டர்களில் 95 சதவீதம் ஈபீட் பெற்றவையாக இருக்க வேண்டும் என்று 2007இலேயே உத்தரவு இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ நகர நிர்வாகம், இனி மேக் வாங்க மாட்டோம் என்றது. சில நாள்தான். செய்தது தவறு என்று பகிரங்கக் கடிதம் எழுதி ஆப்பிள் திரும்பி வந்தது. பசை போட்ட மேக்புக்கும் எப்படியோ தங்கத் தரம் வாங்கிவிட்டது என்பது கதையின் பின்பாதி. முத்திரைக்காரர்களின் முதுகெலும்பைப் பற்றி அப்போது நிறைய எழுதினார்கள்.

நம் பக்கத்திலும் பெருமைப்பட ஒன்று உண்டு, கூடவே வருத்தப்படவும். க்ரீன்பீஸ் அமைப்பு மின்னணுக் கம்பெனிகளுக்கு மதிப்பெண் போடும் பட்டியலில் 2012 நவம்பரில் முதலிடம் பிடித்தது இந்தியாவின் விப்ரோ. நச்சுப் பொருள் குறைந்த கம்ப்யூட்டர் செய்ய முடியும் என்று காட்டிய கம்பெனி. அடுத்த ஆண்டே கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து அது விலகிவிட்டது. மதிப்பெண் வந்தது, ஆர்டர் வரவில்லை.

தமிழ்நாட்டில் ஆர்டர் கொடுக்கிற கை எது என்று எல்லோருக்கும் தெரியும். 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொடுத்தது அரசு நிறுவனமான எல்காட். இந்தப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஏலத்தோட்டத்துக்கு விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு கடந்து கேரளாவுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அது லேசான விஷயம் இல்லை. பிறகு என்ன ஆனது? முதலில் பேட்டரி போனது. அடுத்து சார்ஜர், அப்புறம் கீபோர்டு. போடியிலோ தேனியிலோ சர்வீஸ் கடையில் கேட்டால், அந்த மாடலுக்கு பேட்டரி வராது, அல்லது கம்பெனி பேட்டரியின் விலை லேப்டாப்பின் பழைய விலையில் பாதி. தொடக்க காலத்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இயந்திரமும் பாதுகாப்பு இல்லாமல் பழசாகிவிட்டது. ஒரு வயர் அறுந்ததாலோ ஒரு திரை உடைந்ததாலோ சாகாமல், ஒரு அறிவிப்பால் சாகிறது கம்ப்யூட்டர். இதையும் எந்த முத்திரையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சொல்ல முடியாததில்லை. பிரான்ஸில் 2021 ஜனவரி 1 முதல் லேப்டாப், போன், டி.வி., வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் பத்துக்கு இத்தனை என்று பழுதுநீக்கும் மதிப்பெண் போட்டே விற்க வேண்டும் என்று விதித்தார்கள். எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டும், உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும், அதன் விலை பொருளின் விலையில் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்த மதிப்பெண். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2025 ஜூன் 20 முதல் போனுக்கும் டேப்லெட்டுக்கும் கட்டாய முத்திரை. பேட்டரி எத்தனை முறை சார்ஜ் தாங்கும், கீழே விழுந்தால் என்ன ஆகும், பழுதுநீக்க எளிதா என்று ஒரே சீட்டில் இருக்கும். விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் சாஃப்ட்வேர் புதுப்பிப்பு தர வேண்டும், முக்கிய உதிரிபாகங்கள் ஏழு வருடம் கிடைக்க வேண்டும். அந்தச் சீட்டின் விவரம் இணையத்தில் திறந்தே இருக்கிறது. நம் கடைகளிலும் விற்கிற மாடலாக இருந்தால், அதன் மதிப்பெண்ணைச் சிலமலையில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். இங்கே விற்கும் பெட்டியில் மட்டும் அது இருக்காது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ‘பழுதுநீக்கும் உரிமை’ பற்றிப் பேச ஆரம்பித்தது. 2024 செப்டம்பரில் பழுதுநீக்கும் குறியீட்டுக்கு ஒரு குழு போட்டது, 2025 மே மாதம் குழு அறிக்கை கொடுத்தது. ஐந்து புள்ளி அளவில் மதிப்பெண், முதலில் போனும் டேப்லெட்டும். சட்டமாகி, பிறகு லேப்டாப்புக்கு நகர்ந்து, கடை அலமாரியில் ஒட்டப்படுவதற்குள் இப்போது பள்ளியில் இருக்கிற பிள்ளைகள் கல்லூரி முடித்திருப்பார்கள்.

காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ கொடுப்பதாக அறிவித்தது. இந்த அளவுக்கு ஒரே கையில் வாங்குகிறவரிடம் எந்தக் கம்பெனியும் முறுக்கிக்கொள்ளாது. கிளின்டனின் கையெழுத்தும் சான் ஃபிரான்சிஸ்கோவின் மிரட்டலும் செய்ததை எல்காட்டின் டெண்டர் படிவத்தில் நான்கு வரிகள் செய்ய முடியும். பேட்டரி பசை இல்லாமல் ஸ்க்ரூவில் நிற்க வேண்டும். பேட்டரி, கீபோர்டு, திரை, சார்ஜர் நான்கும் ஏழு வருடத்துக்கு மாவட்டத் தலைநகரில் கிடைக்க வேண்டும், விலைப்பட்டியல் டெண்டரோடு இணைக்கப்பட வேண்டும். ஏழு வருடத்துக்கு சாஃப்ட்வேர் புதுப்பிப்பு. நான்காவதாக, கொடுத்த லேப்டாப் செத்த பிறகு அதைத் திரும்ப எடுக்கும் விலை, பெட்டியின் மேலேயே தமிழில், கம்பெனியின் பெயரோடு.